மே 17 காலையில் கொடியின் கீழ் பேசப்போகும் எமது பிள்ளைகள்

ஏப்ரல் மாத நடுப்பகுதியில் பாடசாலையிலிருந்து பெற்றோருக்கு ஒரு செய்தி வரும். மே 17 காலை எட்டு மணிக்குப் பாடசாலை முற்றத்தில் கொடியேற்றம் நடைபெறும், உங்கள் பிள்ளை அங்கே சில வார்த்தைகள் பேச முன்வந்திருக்கிறார், வீட்டிலும் கொஞ்சம் உதவி செய்யுங்கள் என்று அதில் இருக்கும். இதை வாசித்ததும் எமது வீடுகளில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். "ஏன் எங்கட பிள்ளை? வேற பிள்ளையள் இல்லையோ?" என்று தயங்குவோம். அல்லது அன்றிரவே தகப்பனார் பேனாவை எடுத்து, ஊரில் நாம் பரிசு வாங்கிய பேச்சுப்போட்டி முறையில் ஒரு பேருரை எழுதத் தொடங்குவார். அவைத் தலைவர் அவர்களே, ஆசான்களே, சான்றோர்களே என்று அது தொடங்கும். கையை எங்கே உயர்த்துவது, எந்த இடத்தில் குரலை ஏற்றுவது என்பதற்கும் ஓரத்தில் குறிப்பு இருக்கும்.

இரண்டும் பிள்ளைமேல் உள்ள அக்கறையால் வருவதுதான். ஆனால் முதலாவதில் பிள்ளை தானாகக் கேட்டுப் பெற்ற ஒரு வாய்ப்பை இழக்கிறது. இரண்டாவதில் அது தன்னுடையதல்லாத வார்த்தைகளோடு ஒலிவாங்கியின் முன் தனியே நிற்கிறது. ஆலயத்தில் நடக்கும் ஞாயிறு தமிழ் வகுப்பில் சில வருடங்களாக நாம் இந்தப் பிள்ளைகளுக்குத் துணை செய்து வருகிறோம். அதில் கற்றவற்றைப் பெற்றோருக்குச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும். பிள்ளையின் நோர்வேஜிய உச்சரிப்பைத் திருத்தும் வேலையை நாம் எடுத்துக்கொள்ளக்கூடாது. அது வகுப்பாசிரியரின் வேலை. பேச்சின் முதல் வார்த்தையிலேயே எமது தகுதி தெரிந்துவிடும். "அன்பான எல்லோருக்கும்" என்ற பொருளில் இங்கு பேச்சுக்கள் "ஹ்யேரெ" என்று தொடங்கும். எம்மில் பலர் அதை "ஷேரெ" என்கிறோம். அப்படிச் சொன்னால் குளிர்காலம் முழுவதும் வீட்டு முற்றத்தில் கத்தித் திரியும் கறுப்பு வெள்ளைப் பறவையின் பெயராகிவிடும். ஒரு தகப்பனார் மகனுக்கு மூன்று நாள் இப்படிப் பழக்கிவிட்டார். மகன் பாடசாலையில் ஆசிரியரின் முன்னிலையில் அத்தனை பறவைகளையும் மரியாதையாக வணங்கிவிட்டு வீட்டுக்கு வந்து அழுதான். (இக்காலத்து ஒஸ்லோப் பிள்ளைகள் பலரே இந்த இரண்டு ஒலிகளையும் ஒன்றாக்கிவிட்டார்கள் என்று முதிய நோர்வேஜியர்கள் குறைப்படுவதும் உண்டு. தகப்பனார் அதைக் கேட்டு ஓரளவு ஆறுதல் அடைந்தார்.)

அப்படியானால் வீட்டில் நாம் செய்யக்கூடியது என்ன? பொருளைக் கொடுப்பது. அதுவும் தமிழில்.

பிள்ளை ஆசிரியரோடு எழுதிய முதல் வரைவைக் கொண்டுவந்தால் நாம் அதை உடனே வாசிக்கச் சொல்வதில்லை. கடதாசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நீ என்ன சொல்லப்போகிறாய் என்று எனக்குத் தமிழில் சொல்லு" என்று கேட்கிறோம். எங்கே பிள்ளை தடக்குப்படுகிறதோ அந்த இடம் அதற்கு விளங்கவில்லை. மேடையிலும் அதே இடத்தில்தான் தடக்குப்படும். இதை எத்தனையோ தடவை கண்டுவிட்டோம். மனப்பாடம் செய்த பிள்ளை ஒரு சொல்லை மறந்தால் அடுத்த பத்துச் சொல்லும் போய்விடும். விளங்கிய பிள்ளை வேறொரு சொல்லைப் போட்டுக்கொண்டு நடந்துவிடும்.

மே 17 பேச்சில் அடிக்கடி வரும் சொற்கள் ஐந்தாறுதான். "குருன்லோவ்" என்பது அரசியலமைப்புச் சட்டம். பத்து வயதுப் பிள்ளைக்கு அதை இப்படிச் சொல்லலாம்: வீட்டில் ஒரு விதி இருக்கிறது, அதை அப்பாவும் மீற முடியாது என்றால் அது எப்படிப்பட்ட விதியோ, அப்படி அரசனும் மீற முடியாத விதிகளை எழுதி வைத்த புத்தகம். 1814ஆம் ஆண்டு ஐட்ஸ்வோல் என்ற இடத்தில் 112 பேர் கூடியிருந்து ஏறத்தாழ ஆறு வாரத்தில் அதை எழுதி முடித்தார்கள். மே 17 அதன் திகதி. "துக்னாத்" என்ற சொல்லுக்கு எமது பிள்ளைகள் தமிழில் பொருள் தேடித் திணறுவார்கள். அம்மம்மாவிடம் கேட்டால் ஒரு நொடியில் வந்துவிடும்: சிரமதானம். ஊர்க் கிணறு இறைத்ததும், வாசிகசாலைக்கு மண் சுமந்ததும் அதுதானே. "ஃபெல்லஸ்கப்" என்பதற்கு ஒரே சொல்லில் பொருள் சொல்வது கடினம். திருவிழா நாளில் எமது மடைப்பள்ளியில் யார் யாருடைய பிள்ளை என்று பாராமல் எல்லோரும் சேர்ந்து மரக்கறி வெட்டுகிறோமே, அந்த உணர்வு என்று சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடுகிறது.

"ஃப்ரிஹேத்", சுதந்திரம், என்ற சொல்தான் சிக்கலானது. அதற்குப் பின்னர் வருவோம்.

கொடியைப் பற்றிய கதையும் தெரிந்திருக்கவேண்டும். பெற்றோர் சிலர் எம்மிடம் தயக்கத்தோடு கேட்பது ஒன்று: கொடியில் சிலுவை இருக்கிறதே, எமது சைவப் பிள்ளை அதன் கீழ் நின்று பேசலாமா? பேசலாம். 1821இல் ஃப்ரெட்ரிக் மெல்ட்சர் என்ற பாராளுமன்ற உறுப்பினர் இக்கொடியை வரைந்தார். டென்மார்க்கின் சிவப்புக் கொடியில் இருந்த வெள்ளைச் சிலுவைக்குள் நீலச் சிலுவை ஒன்றை வைத்தார். சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய மூன்றும் அக்காலத்தில் பிரான்ஸ், பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் கொடிகளில் இருந்த நிறங்கள், சுதந்திரத்தின் நிறங்கள் என்று பேசப்பட்டவை. சிலுவை கிறிஸ்தவ மரபிலிருந்து வந்ததுதான், அதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் இன்று அது நாட்டின் அடையாளம், வழிபாட்டுப் பொருள் அல்ல. அன்று காலை சில இடங்களில் தேவாலய ஆராதனையும் உண்டு. அது வேறு நிகழ்ச்சி, விரும்பியவர்கள் போவார்கள்.

பிள்ளைகள் மிகவும் இரசிப்பது இன்னொரு கதை. நோர்வே 1905 வரை சுவீடனோடு ஒரே அரசனின் கீழ் இருந்தது. 1844 முதல் இரு நாட்டுக் கொடிகளின் மூலையிலும் இரு நாட்டு நிறங்களையும் கலந்து ஒரு சின்னம் போட்டார்கள். மக்கள் அதைப் பார்த்து "மீன் சலாது" என்று பெயர் வைத்தார்கள். பல வண்ணம் கலந்த ஹெரிங் மீன் சலாது நோர்வேஜியர் மேசையில் உண்டு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று தன் பேச்சில் இதைச் சேர்த்துக்கொண்டது. முற்றம் முழுவதும் சிரித்ததாம். பிள்ளைக்கு அதன்பின் பயமே இருக்கவில்லை.

சிறுவர் ஊர்வலம் எப்படி வந்தது என்பதையும் சொல்லிக்கொடுங்கள். 1870இல் அன்று கிறிஸ்தியானியா என்று அழைக்கப்பட்ட ஒஸ்லோவில் ஏறத்தாழ 1200 பேர் நடந்தார்கள், எல்லோரும் ஆண்பிள்ளைகள். பெண்பிள்ளைகள் சேர்க்கப்பட்டது 1889இல். எமது பெண்பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் முகத்தில் ஒரு கோபம் வருகிறது, நல்ல கோபம். பேச்சுக்கு அது உதவும்.

அரசியலமைப்பு எழுதப்பட்ட நாளிலேயே எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டது என்று பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டாம். அதே சட்டத்தின் இரண்டாம் பிரிவு யூதர்கள் நாட்டுக்குள் வரக்கூடாது என்று தடுத்தது. ஹென்ரிக் வெர்கெலான்ட் என்ற கவிஞர் அதை மாற்றப் பல ஆண்டுகள் எழுதினார், பேசினார். 1845இல் அவர் காலமானபோது சட்டம் மாறவில்லை. 1851இல்தான் மாறியது. அவருடைய கல்லறையில் நிற்கும் நினைவுச்சின்னம் நோர்வேக்குள் வரமுடியாத யூதர்கள் வெளிநாட்டிலிருந்து எழுப்பியது. இன்றும் மே 17 காலையில் ஒஸ்லோ யூத சமூகத்து இளையோர் அங்கே மலர் வளையம் வைக்கிறார்கள்.

அதே வெர்கெலான்ட்தான் மே 17 அன்று முதன்முதலாக முறையான பொதுப் பேச்சு நிகழ்த்தியவர். ஆண்டு 1833, அவருக்கு வயது 24. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1829 மே 17 அன்று, அரசன் விரும்பாத இக்கொண்டாட்டத்துக்காகச் சந்தைச் சதுக்கத்தில் கூடிய மக்களைக் குதிரைப்படை கலைத்தது. ஆகவே இன்று எமது பிள்ளை ஒலிவாங்கியின் முன் நின்று பேசுவது ஒருகாலத்தில் அனுமதிக்கப்படாத ஒன்று. 1940 முதல் 1945 வரை ஜேர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்திலும் மே 17 கொண்டாட்டம் தடைசெய்யப்பட்டிருந்தது. 1945 மே 8 விடுதலை கிடைத்தது. ஒன்பது நாட்களில் வந்த மே 17 எப்படி இருந்திருக்கும் என்று பிள்ளையை நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அயல் வீட்டில் வயதான நோர்வேஜியர் இருந்தால், அவருடைய பெற்றோர் அந்த நாளைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று கேட்டு வரச் சொல்லுங்கள். நூலகத்தில் கிடைக்காதது அங்கே கிடைக்கும்.

மறுநாள் மே 18

இனி, நாம் எழுதத் தயங்கிய பகுதி.

மே 17க்கு மறுநாள் மே 18. 2009ஆம் ஆண்டு முள்ளிவாய்க்காலில் நடந்ததன் நினைவுநாள். முதல்நாள் ஐஸ்கிரீமும் கொடியும் பாண்ட் வாத்தியமும். மறுநாள் விளக்கும், உப்பிட்ட கஞ்சியும். எமது பல வீடுகளில் மே மாதம் பிறந்ததுமே சத்தம் குறைந்துவிடும். பெரியவர்கள் இந்த இரண்டு நாட்களையும் ஒருவாறு பிரித்துவைத்துக் கடந்துவிடுகிறோம். பிள்ளைகளால் அப்படிப் பிரிக்க முடிவதில்லை, அவர்கள் கேட்பதும் இல்லை. நாமாகச் சொல்லாதவரை, வீட்டில் ஏதோ சரியில்லை, நான் சந்தோசப்படுவது பிழையோ என்று உள்ளுக்குள் வைத்திருப்பார்கள்.

ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி பேசச் சம்மதித்துவிட்டு, இரண்டு வாரத்துக்கு முன் திடீரென்று மாட்டேன் என்றாள். பாடசாலையில் காரணம் சொல்லவில்லை. எமது வகுப்பிலும் சொல்லவில்லை. தேநீர் இடைவேளையில் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே, யாரையும் பாராமல் சொன்னாள்: "அம்மம்மா இந்த மாசம் ரிவியே போடமாட்டா. நான் எப்பிடி மைக்கிலை ஹுர்ரா எண்டு சொல்லுறது?"

எமக்கு உடனே பதில் வரவில்லை. பரவாயில்லை பிள்ளை, அது வேறு இது வேறு என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையல்ல என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். "நீ இதை அம்மம்மாவிட்டையே கேட்டியோ?" என்று மட்டும் கேட்டோம். கேட்கவில்லை. வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. அம்மம்மா விரும்பமாட்டா என்று எல்லோரும் தாமாகவே முடிவு செய்திருந்தார்கள்.

அவள் கேட்டாள். அம்மம்மா சொன்ன முதல் பதில்: "எத்தினை மணிக்குக் கொடி ஏத்துவினம்?" இரண்டாவது: "நீ என்ன சொல்லப்போறாய், எனக்கு ஒருக்காச் சொல்லு."

அம்மம்மாவுக்கு நோர்வேஜிய மொழி விளங்காது. ஆகவே அவள் முழுப் பேச்சையும் ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொல்லவேண்டி வந்தது. நாம் வகுப்பில் செய்யும் அதே வேலைதான், ஆனால் எம்மைவிட அம்மம்மா கடுமையான ஆசிரியை. "இந்த நாட்டில் எமக்குச் சுதந்திரம் இருக்கிறது" என்ற வசனத்துக்கு வந்தபோது, "சுதந்திரம் எண்டு நீ எதைச் சொல்லுறாய் பிள்ளை?" என்று கேட்டுவிட்டா. பிள்ளையிடம் பதில் இல்லை. அந்த வசனம் எல்லோருடைய பேச்சிலும் இருப்பது. எல்லோரும் எழுதுகிறார்கள் என்று அவளும் எழுதியிருந்தாள்.

அதன்பின் அம்மம்மா தனக்குத் தெரிந்ததைச் சொன்னா. செத்தவர்களுக்கு ஊரில் ஒரு விளக்கு வைப்பதற்கும் யாரும் பார்க்கிறார்களோ என்று பயந்த ஆண்டுகளைப் பற்றிச் சொன்னா. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 ஜனவரியில் இரவோடிரவாக இடிக்கப்பட்டதையும், மாணவர்கள் அதற்காக உண்ணாவிரதம் இருந்ததையும், அது அவ்வாண்டே திரும்பக் கட்டப்பட்டதையும் சொன்னா. பேத்திக்கு இவற்றில் பாதி புதிது. பதினொரு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவும் வேண்டுமா என்று தாயார் எம்மிடம் கவலைப்பட்டார். எவ்வளவு என்பதைப் பிள்ளையே கேள்விகளால் காட்டும் என்பது எமது அனுபவம். கேட்ட அளவுக்குச் சொல்லலாம், கேட்காததைத் தள்ளக்கூடாது. ஆறேழு வயதுப் பிள்ளைக்கு, "எங்கட ஆக்கள் கனபேர் செத்த நாள், அவர்களை நினைத்து விளக்கு வைக்கிறோம்" என்பதே போதும்.

அந்தப் பிள்ளை சுதந்திரம் பற்றிய பழைய வசனத்தை வெட்டிவிட்டு வேறு இரண்டு வசனம் எழுதினாள். தமிழில் அதன் பொருள் இது: இன்று நான் கொடி பிடிக்கிறேன், நாளைக்கு எங்கள் வீட்டில் அம்மம்மாவோடு விளக்கு வைப்பேன். இரண்டையும் இங்கே ஒருவரும் தடுப்பதில்லை.

இந்த வசனங்களைப் பற்றி வகுப்பில் உதவி செய்யும் எமக்குள்ளேயே கருத்து வேறுபாடு வந்தது. மே 17 சந்தோச நாள், பிள்ளைகள் கூடியிருக்கும் இடம், இது தேவையில்லை என்றார் ஒருவர். தொட்டுவிட்டு ஏன் விடவேண்டும், இன்னும் நான்கு வசனம் விரித்து என்ன நடந்தது என்று சொல்லட்டும் என்றார் இன்னொருவர். இருவரும் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்கள். நீண்ட நேரம் கதைத்தபின் ஒரு முடிவுக்கு வந்தோம், இன்றும் அதில் நிற்கிறோம். பிள்ளையின் வாயால் எமது அரசியலைப் பேசுவிக்கக்கூடாது. பிள்ளை தானாக எழுதிய வசனத்தை எமது பயத்தால் வெட்டவும் கூடாது. இறுதி வார்த்தை பிள்ளைக்கும் அதன் ஆசிரியருக்கும் உரியது. ஆசிரியருக்கு மே 18 பற்றித் தெரிந்திருக்காது. பெற்றோரில் ஒருவர் முன்கூட்டியே நேரில் சந்தித்து ஐந்து நிமிடம் விளக்கினால் போதும். இந்தப் பிள்ளையின் விடயத்தில் தாயார் போய்ச் சொன்னார். ஆசிரியர் அந்த இரண்டு வசனங்களையும் பேச்சின் நடுவிலிருந்து முடிவுக்குச் சற்று முன்னால் நகர்த்தினார், வேறு எதையும் மாற்றவில்லை.

பிள்ளை பேசத் தயங்கினால் முதலில் காரணத்தைத் தேடுங்கள் என்பதற்காகவே இதை இவ்வளவு விரிவாக எழுதினோம். கூச்சம் என்று நாம் நினைப்பது கூச்சமாக இராது. உண்மையிலேயே விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஊர்வலத்தில் நடப்பதும் பங்குபற்றுவதுதான்.

ஒரு சொல் சின்னப் பிள்ளைகளைப் பற்றி. முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகள் பெரும்பாலும் கூட்டமாகப் பாடுவார்கள், அல்லது ஆளுக்கு ஒரு வரி சொல்வார்கள். ஒரு வரிதானே என்று நினைக்கவேண்டாம், அந்த ஒரு வரிக்காக இரவு முழுவதும் நித்திரை இல்லாமல் கிடந்த பிள்ளைகளை எமக்குத் தெரியும். தன் வரியைவிடத் தனக்கு முன்னால் நிற்கும் பிள்ளையின் கடைசிச் சொல்லைப் பழக்குவது முக்கியம். அதைக் கேட்டதும் வாய் தானாகத் திறக்கும். நீங்கள் எங்கே நிற்பீர்கள் என்பதை முதல்நாளே காட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் பிள்ளை வரியை விட்டுவிட்டு அம்மாவைத் தேடும், கண்டதும் கையசைக்கும். கையிலுள்ள சிறு கொடி நிலத்தில் படக்கூடாது, அதை வாளாக்கிச் சண்டை பிடிக்கக்கூடாது, ஊர்வலம் முடிந்து குப்பைத் தொட்டியில் போடக்கூடாது என்பவற்றையும் அப்போதே சொல்லிக்கொடுக்கலாம். மே மாதத்தில் காலை எட்டு மணிக்கு ஏறும் பெரிய கொடி சூரியன் மறையுமுன், எப்படியும் இரவு ஒன்பது மணிக்குமுன், இறக்கப்படும். இறக்குவதைப் பார்க்க ஒருநாள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஏற்றுவதற்கு முற்றம் நிறைந்த கூட்டம் இருக்கும். இறக்குவதற்குப் பாடசாலைப் பராமரிப்பாளர் ஒருவரே நிற்பார். பிள்ளை உதவி செய்யக் கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்.

பெரிய பிள்ளைகளுக்குப் பேச்சு இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். இங்கு நீண்ட பேச்சையும் அலங்காரப் பேச்சையும் ஒருவரும் விரும்புவதில்லை. குரலை ஏற்றி இறக்கிக் கையை வீசிப் பேசினால் நாடகம் என்று நினைப்பார்கள். ஊரில் நாம் பெற்ற கிண்ணங்கள் இங்கே உதவா என்பதை ஏற்றுக்கொள்வது எம்மில் சிலருக்குக் கடினமாகத்தான் இருந்தது. சாதாரணமாகக் கதைப்பதுபோல், ஆனால் மெதுவாக. எவ்வளவு மெதுவாக என்றால் பிள்ளைக்கு அது அலுப்பாக இருக்கவேண்டும். அப்போதுதான் முற்றத்துக்கு அது அளவாக இருக்கும்.

முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் மனப்பாடம் செய்யட்டும். நடுவிலுள்ளவற்றைப் பார்த்து வாசிக்கலாம், அதில் குறைவில்லை. அரசரும் பார்த்துத்தான் வாசிக்கிறார். கைத்தொலைபேசியில் வாசிக்க விடவேண்டாம், வெயில் அடித்தால் திரை தெரியாது, குளிரில் மின்கலமும் கைவிடும். பெரிய எழுத்தில் அச்சடித்து, தடித்த மட்டையில் ஒட்டி, மழைக்குப் பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு இரண்டு கையாலும் பிடிக்கவேண்டும். மெல்லிய கடதாசி காற்றில் அடிக்கும் சத்தம் ஒலிவாங்கியில் இடிபோல் கேட்கும். பாடசாலைப் பாண்ட் வாத்தியம் நின்று, கடைசிப் பறைச்சத்தமும் அடங்கும்வரை வாய் திறக்கக்கூடாது. மூன்று மூச்சு எடுத்துவிட்டுத் தொடங்கலாம். அந்த மூன்று மூச்சும் பிள்ளைக்கு ஒரு யுகமாகத் தெரியும், கேட்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இதை வீட்டு வரவேற்பறையில் பழகிப் பயனில்லை. வெளியே போய், குளிராடையும் கையுறையும் போட்டுக்கொண்டு, மட்டையைப் பிடித்துப் பழகவேண்டும். கையுறையோடு பக்கம் புரட்ட முடியாது என்பதை ஒருவன் மேடையில்தான் கண்டுபிடித்தான்.

உடை பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். பட்டுப்பாவாடை கட்டினால் மிக அழகு, நோர்வேஜியர்கள் தங்கள் புனாத் உடையைப் பெருமையோடு அணிந்து வரும் நாளில் எமது பிள்ளையும் தன் பாரம்பரிய உடையில் நிற்பது பொருத்தமும்கூட. ஆனால் உள்ளே கம்பளி உடுப்புப் போடுங்கள். வடக்கே ஃபின்மார்க்கில் மீன் ஆலைகளில் வேலை செய்த காலத்தில் எம்மவர் சிலர் பனிக்குள் நின்றே மே 17 கொண்டாடினார்கள். ஒஸ்லோவிலும் மே மாதக் காற்றை நம்பமுடியாது. வேட்டி கட்டும் ஆண்பிள்ளைகளுக்கு ஒட்டும் வேட்டியே பாதுகாப்பு. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதினால் சம்பந்தப்பட்ட இளைஞர் எம்மோடு கோபிப்பார், இப்போது அவர் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார். பிள்ளை காற்சட்டையும் வெள்ளைச் சட்டையும்தான் போடுவேன் என்றால் அதற்கும் விடுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை பேசும்போது தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடவேண்டாம். உங்கள் முகத்தைத்தான் அது தேடும், கருவியின் முதுகையல்ல. மற்றப் பிள்ளைகள் தெரியும் படங்களை அவர்களின் பெற்றோரைக் கேளாமல் வெளியிடவும் கூடாது, பாடசாலைகள் இதில் கண்டிப்பாக இருக்கின்றன. படம் வேண்டுமானால் ஒருவர் எடுத்து எல்லோருக்கும் கொடுக்கலாம்.

அந்த ஆறாம் வகுப்பு மாணவி பேசிய அன்று மெல்லிய மழை. அம்மம்மா சேலைக்கு மேல் மகனுடைய பெரிய குளிராடையைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் நின்றா. ஒரு சொல்லும் விளங்காத மொழியில் பேத்தி எந்த வசனத்தில் நிற்கிறாள் என்பது அவவுக்கு விளங்கிக்கொண்டிருந்தது, உதடுகள் தமிழில் அசைந்துகொண்டிருந்ததாகப் பக்கத்தில் நின்ற தாயார் சொன்னார். முடிவில் மூன்று தடவை ஹுர்ரா சொன்னார்கள். அம்மம்மா சொல்லவில்லை, கை தட்டினா. மறுநாள் மாலை நினைவு நிகழ்வுக்கு இருவரும் வந்திருந்தார்கள்.

இவ்வாண்டு பேசவிருக்கும் பிள்ளைகள் ஏப்ரல் மாதக் கடைசி இரண்டு ஞாயிறுகளிலும் பூசை முடிந்ததும் மண்டபத்துக்கு வரலாம், ஒலிவாங்கி வைத்திருப்போம். பேச்சு எழுதிய மட்டை, கையுறை, குளிராடை ஆகியவற்றைக் கொண்டுவரவும், கடைசிப் பயிற்சி கார் நிறுத்துமிடத்தில் நடக்கும். அம்மம்மா, அப்பம்மா, தாத்தாமாரையும் கூட்டி வாருங்கள். நோர்வேஜிய மொழி தெரியாதவர்களாக இருந்தால் இன்னும் நல்லது.